ஒருகைப் படைக்கலம்

படைக்கலங்களை ஒரு கையால் ஏந்துவன என்றும், இரு கையாலும் ஏந்துவன என்றும் இரு வகைப்படுத்தல் போர்நெறி அறிந்தார் யாவர்க்கும் உடன்பாடாம். இருகைப் படையின் அடி பெரிது, அதில் ஐயமில்லை. ஆயினும் அதனை ஏந்தினான் தன் கை இரண்டனையும் அதற்கே ஈந்துவிட்டான். கேடயம் பற்றவோ, தீப்பந்தம் பிடிக்கவோ அவனுக்கு வேறு கை இல்லை. ஒருகைப் படையின் சிறப்பு, அது செய்யும் ஊறு பற்றி மட்டும் வருவதன்று. மற்றொரு கையை அது விட்டுவைத்தலாலும் வருவது. மெய்யான போர்க்களத்திற்கு இஃது எத்துணைப் பொருந்துமோ, அத்துணையே கணிப்பொறித் திரையில் நிகழும் கற்பனைப் போருக்கும் பொருந்தும். யாம் ஈண்டு ஆராயப் புகுவது பின்னதனையே.

இவ்வாராய்ச்சி எழுந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் நன்று. எம் விடுதியில் நண்பர் இருவர்க்குள் ஒரு வழக்கு உண்டாயிற்று. ஸ்கைரிம் என்னும் ஆட்டத்தில் ஒருவர் தண்டும், மற்றவர் வாளும் ஏந்தி ஆடுபவர். "இரும்புத் தண்டின் எண் ஒன்பது, இரும்பு வாளின் எண் ஏழு. ஏழினும் ஒன்பது பெரிதென்பதைத் தொடக்கப் பள்ளிச் சிறுவனும் அறிவான்" என்பது தண்டுடையார் வாதம். "உம் தண்டு ஒருமுறை இறங்குமுன் எம் வாள் இருமுறை இறங்கும்" என்பது வாளுடையார் மறுப்பு. முன்னவர் எண்ணை நம்பினார். பின்னவர் கண்ணை நம்பினார். இவ்வழக்கு உணவுக்கூடத்திலும், நீராடும் இடத்திலும், படிப்பு மணி அடித்த பின்னரும் இரண்டு வாரம் ஓயாது நடந்தமையால், ஏனையோர் பொறுக்கமாட்டாது, தமிழ் படிப்பவன் எக்கட்சியும் சாரான் என்று கருதிப்போலும், அதனை எம்மிடம் ஒப்புவித்தனர். அக்கருத்துத் தவறு. எமக்கும் அவ்வழக்கில் ஒரு பங்கு இருந்தது. அதனைப் பின்னர்க் கூறுதும்.

ஸ்கைரிம் அறியாத அன்பர்களின் பொருட்டுச் சில சொற்கள். எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்னும் ஆட்ட வரிசை 1994-ஆம் ஆண்டில் அரீனா என்னும் ஆட்டத்தோடு தொடங்கிற்று. அவ்வரிசையில் ஐந்தாவதாய் 2011-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் வெளிவந்ததே ஸ்கைரிம். அமெரிக்க நாட்டு மேரிலாந்து மாகாணத்தில், ராக்வில் என்னும் ஊரில் உள்ள பெதெஸ்டா கேம் ஸ்டூடியோஸ் என்பார் இதனை இயற்றினர். 2016-இல் திருத்திய பதிப்பு ஒன்றும் வந்தது. ஸ்கைரிம் என்பது டாம்ரியல் என்னும் கற்பனைக் கண்டத்தின் வடபுலம். பனி மூடிய மலைகளும், ஊசியிலைக் காடுகளும், மாண்டோர் உறையும் கற்குகைகளும் நிறைந்தது. ஆங்கு வாழும் நார்டு என்னும் மக்கள், ஐரோப்பாவின் வடகோடியில் முன்னாளில் வாழ்ந்த வைக்கிங்குகளின் சாயலில் அமைக்கப்பட்டவர். வானினின்றும் நெருப்புமிழும் நாகங்கள் வந்திறங்குகின்றன. ஆடுவோன் அவற்றை எதிர்க்கப் பிறந்தவன். கதை இவ்வளவே எனினும், அதனை விட்டு விலகி, மலைமேல் மலர் கொய்துகொண்டு முந்நூறு நாழிகை திரிந்தாலும் கேட்பார் இல்லை என்பதே இவ்வாட்டத்தின் கவர்ச்சி.

இவ்வாட்டத்தின் இயக்கம் கைகளைப் பற்றியது. வலக்கைக்கு ஒரு விசையும், இடக்கைக்கு ஒரு விசையும் உள. எக்கையில் எதனை ஏந்தலாம் என்பது ஆடுவோன் விருப்பம். ஒரு கையில் வாள், மற்றொன்றில் கேடயம். அன்றி ஒரு கையில் வாள், மற்றொன்றில் மந்திரத் தீ. அன்றி இரு கையிலும் வாள். இவற்றுள் ஒவ்வொன்றிற்கும் ஒரு விலை உண்டு. இடக்கையில் மந்திரமோ, இரண்டாம் படையோ ஏந்தினான் பகைவன் அடியைத் தடுக்க இயலாது. கேடயம் ஏந்தினான் தடுப்பான்; ஆனால் அக்கையால் தாக்குதல் அரிது. இடக்கையை வெறுங்கையாக விட்டவனோ, வாளையே குறுக்கே ஏந்தித் தடுக்கலாம். கேடயம் தடுக்கும் அளவிற்கு அது தடுக்காது. ஆகவே ஒருகைப் படையைத் தேர்ந்தவன் உண்மையில் தேர்வது, மற்றைக் கை செய்ய வேண்டுவது யாது என்பதையே.

இனிப் பெயர்கள். ஒருகைப் படைகள் இவ்வாட்டத்தில் நான்கு. டேகர் எனப்படுவதைக் குறுவாள் என்றும், ஸோர்டு எனப்படுவதை வாள் என்றும் கூறுவதில் இடர்ப்பாடு இல்லை. வார் ஆக்ஸ் எனப்படுவதைப் போர்க்கோடரி என்னலாம்; எனினும் மழு என்னும் குறுஞ்சொல் நம் மொழியில் இருக்க, நெடுஞ்சொல் எற்றுக்கு? மேஸ் என்பதற்குத்தான் தொல்லை விளைந்தது. கதை என்பது பெருவழக்கு. ஆயினும் 'கதையால் அடித்தான்' என்று இப்பக்கங்களில் எழுதினால், எம் மலரின் சிறுகதைகளைப் பற்றி ஏதோ குறிப்பால் உணர்த்துகின்றோம் என்று ஆசிரியர் குழுவினர் கருதக்கூடும். ஆதலின் தண்டு என்று கொண்டோம். கீரைத்தண்டோ என்று வாளுடையார் நகைத்தார். நடுவராகிய யாம் அந்நகையைப் பொறுத்துக்கொண்டோம். படை ஒருமுறை பட்டால் பகைவன் உயிரினின்று குறையும் அளவை ஊறு என்றும், அதன் எண்ணை ஊறெண் என்றும் இக்கட்டுரை முழுதும் வழங்குவோம்.

இரும்பினாற் செய்த படைகளின் ஊறெண், குறுவாளுக்கு 4, வாளுக்கு 7, மழுவிற்கு 8, தண்டிற்கு 9. நிறை முறையே 2, 9, 11, 13. விலை பத்துப் பொன், இருபத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து. திரையில் தோன்றுவன இம்மூன்று எண்களே. இவற்றை மட்டும் நோக்குவோன் தண்டுடையார் கட்சியை அடைவது இயல்பு; ஊறும் பெரிது, விலையும் பெரிது, பெரிதாகிய ஒன்று நல்லதாகவே இருத்தல் வேண்டும் அன்றோ?

ஆனால் திரையில் தோன்றாத நான்காம் எண் ஒன்று உளது. அஃது விரைவெண். ஆட்டத்தை இயற்றினார், அதனை மாற்றியமைக்க விரும்புவோர்க்காக 2012-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிரியேஷன் கிட் என்னும் கருவியை வெளியிட்டனர். அதனுட் புகுந்து நோக்குவார்க்கு இம்மறை எண்கள் யாவும் வெளிப்படும். வாளின் விரைவை 1 என்று கொண்டால், குறுவாளின் விரைவு 1.3, மழுவின் விரைவு 0.9, தண்டின் விரைவு 0.8. இனி ஊறெண்ணை விரைவெண்ணாற் பெருக்கிப் பார்ப்போம். இரும்பு வாள் 7, மழு 7.2, தண்டும் 7.2, குறுவாள் 5.2. தண்டுடையார் ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையே கண்ட பெரும்பள்ளம், ஏழுக்கும் ஏழேகாலுக்கும் உள்ள ஒரு சிறு கீறலாய்ச் சுருங்கிவிட்டது. எஃகுப் படைகளிலோ அக்கீறலும் இல்லை: வாள் 8, மழு 8.1, தண்டு 8.

இவ்விரைவெண், கை ஓங்கி இறங்கும் அசைவை எத்துணை விரைவில் இயக்குவது என்பதைக் குறிப்பது. அசைவுகள் ஒரே அளவின அல்ல ஆகலின், பெருக்கி வந்த தொகை ஒப்புநோக்குதற்கு உரியதேயன்றி நொடிக்கணக்குக் காட்டும் துலாக்கோல் அன்று. இதனை மறவாது மேற்செல்வோம்.

யாம் இக்கணக்கை எழுதியபோது வழக்கு முடிந்தது என்றே எண்ணினோம். வாளும் தண்டும் சமம். இருவரும் கைகுலுக்கிப் பிரியலாம். ஆனால் ஆட்டத்தில் எவரும் இரும்போடு நின்றுவிடுவதில்லை. தேர்ச்சி ஏற ஏற, ஆர்க்கர் செய்யும் படை, டுவெமர் செய்த படை, எல்வர் படை, கண்ணாடிப் படை, எபனிப் படை, டீட்ரிக் படை எனப் பொருள்கள் உயர்ந்துகொண்டே செல்லும். (எபனி எனின் கருங்காலி மரம் என்று கொள்ளற்க, இவ்வாட்டத்தில் அஃது ஒரு கரிய கனிப்பொருள். மரத்தால் வாள் செய்தார் என்று ஒரு நண்பர் வியந்தமையால் இதனைக் குறிக்க நேர்ந்தது.) எபனி நீங்கலாக ஒவ்வொரு பொருளிலும் வாளினும் மழு ஒன்று மிகும், மழுவினும் தண்டு ஒன்று மிகும். டீட்ரிக் வாள் 14, மழு 15, தண்டு 16, குறுவாள் 11. இவற்றை விரைவெண்ணாற் பெருக்கிய யாம், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் ஒருமுறை பெருக்கினோம். வாள் 14. மழு 13.5. தண்டு 12.8. குறுவாள் 14.3.

வரிசை தலைகீழாயிற்று! இரும்பில் கடையிடத்தில் நின்ற குறுவாள் ஈண்டு முதலிடத்தில் நிற்கின்றது. முதலிடத்தில் நின்ற தண்டு கடையிடத்திற்குச் சென்றுவிட்டது. இதன் காரணம் நுட்பமானதன்று, ஆயினும் அழகானது. தண்டு வாளினும் மிகும் அளவு எபனி நீங்கலாக எப்பொருளிலும் இரண்டே. ஏழின்மேல் இரண்டு மிகுதல் பெரும்பேறு. பதினான்கின்மேல் இரண்டு மிகுதல் சிறுபேறு. தண்டு விரைவில் இழப்பதோ ஐந்தில் ஒரு பங்கு. அப்பங்கு எப்பொருளிலும் மாறாது. மிகுதி கூட்டல் வழியே வருகின்றது. குறைவு பெருக்கல் வழியே வருகின்றது. எண்கள் சிறியனவாக இருக்குங்காறும் கூட்டல் வெல்லும். எண்கள் வளர வளரப் பெருக்கலே வெல்லும். எஃகில் சமமாக நின்ற வாளும் தண்டும் ஆர்க்கர் படையிலேயே பிரியத் தொடங்குகின்றன. ஆங்கு வாள் 9, தண்டு 8.8. குறுவாளோ எபனியில் வாளோடு சரியாக 13 என்று வந்து நின்று, அதற்கு அடுத்த படியில் அதனைக் கடந்துவிடுகின்றது.

இதனோடும் நின்றபாடில்லை. கொல்லன் உலையில் படையைத் தீட்டி மேம்படுத்தும் கலை இவ்வாட்டத்தில் உண்டு. தீட்டுவோன் தேர்ச்சிக்கு ஏற்பச் சேரும் ஊறு, குறுவாளுக்கும் தண்டிற்கும் ஒன்றே. படையின்மேல் மந்திரம் ஏற்றுதலும் அவ்வாறே. அடி ஒன்றுக்குப் பத்து அளவு தீப்பற்றுமாயின், படை பெரிதாயினும் சிறிதாயினும் பத்தே. ஆகவே விரைந்து அடிப்பதே விரைந்து எரிக்கும். கூட்டிச் சேர்வன யாவும் விரைவுடையதற்கே துணைநிற்கின்றன.

அங்ஙனமாயின் குறுவாளையே யாவரும் ஏந்துக என்று தீர்ப்பளித்துவிடலாமோ எனின், கூடாது. குறுவாளின் எட்டுதூரம் ஏனையவற்றின் பத்தில் ஏழு பங்கே. கரடியின் நகம் எட்டும் தூரத்தினுள் நாம் நின்றாலன்றி நம் குறுவாள் கரடியை எட்டாது. அன்றியும் அடிபட்ட பகைவன் தள்ளாடிப் பின்வாங்குதல் என்று ஒன்று உண்டு. தண்டின் அடி அதனைச் செய்வதுபோல் வாளடி செய்யாது. குறுவாளடி அறவே செய்யாது. தள்ளாடுகின்றவன் அந்நேரம் நம்மை அடிக்க இயலான். இந்நன்மை எவ்வெண்ணிலும் காட்டப்படாதது. எம் பெருக்கற் கணக்கிலும் அடங்காதது. தண்டுடையார் தம் படையை விரும்பியதற்கு உண்மைக் காரணம் இதுவே என்று பின்னர் அறிந்தோம். அவர் ஒன்பது என்று சொன்னது, மனத்திற்குப் பிடித்த ஒன்றிற்கு வாய் தேடிய சாக்கு.

குறுவாளுக்கு உரிய இடம் வேறு. பகைவன் அறியாமல் பதுங்கிச் சென்று தாக்குவார்க்கு ஒருகைப் படையின் ஊறு மும்மடங்காகும். பதுங்குந் தேர்ச்சி 30-ஐ எட்டியபின் ஒரு பேற்றினைப் பெற்றால் அஃது அறுமடங்காகும். 50-ஐ எட்டியபின் மற்றொரு பேற்றினைப் பெற்றால், குறுவாளுக்கு மட்டும் பதினைந்து மடங்காகும். இரும்புக் குறுவாளின் நான்கைப் பதினைந்தாற் பெருக்க அறுபது. இரும்புத் தண்டின் ஒன்பதை ஆறாற் பெருக்க ஐம்பத்து நான்கு. பத்துப் பொன்னுக்கு விற்கும் இழிந்த படை, முப்பத்தைந்து பொன் படையை இருளில் வென்றுவிடுகின்றது. டார்க் பிரதர்ஹுட் என்னும் கொலைஞர் குழுவினர் தரும் கையுறையை அணிந்தாலோ மடங்கு இரட்டிக்கும். இதற்குமேல் இதனை விரித்தால், கொலைத்தொழில் கற்பிக்கின்றான் என்று விடுதிக் காப்பாளர் எம்மை ஐயுறுவர், ஆதலின் விடுகின்றோம்.

மேலே பேறு என்றது, ஆடுவோன் ஒவ்வொரு நிலை உயரும்போதும் ஒன்றாகக் கிடைக்கும் சிறப்புரிமையை. ஒருகைப் படைத் தேர்ச்சிக்கு உரிய பேறுகள் விண்மீன் கூட்டம்போல் திரையில் விரிந்து கிடக்கும். அடியில் இருப்பது ஆர்ம்ஸ்மேன்; ஐந்து படியினது; படி ஒன்றுக்கு நூற்றுக்கு இருபதாக, ஐந்தும் பெற்றார்க்கு ஊறு இரட்டிக்கும். இது நான்கு படைக்கும் பொது. தேர்ச்சியும் தன் பங்கிற்கு நூறாம் எண்ணில் ஊற்றெண்ணைப் பாதி மிகுவிக்கும். ஆகவே யாவும் நிறைந்தானிடத்து டீட்ரிக் வாளின் 14, மும்மடங்காகி 42 ஆகும். இதற்குமேல் வாளுக்கு ஒன்று, மழுவிற்கு ஒன்று, தண்டிற்கு ஒன்று என மூன்று கிளைகள் பிரிகின்றன. ஒவ்வொன்றும் மும்மூன்று படியினது. குறுவாளுக்குக் கிளை இல்லை; அதற்குப் பதுங்குவோர் மரத்தில் பங்கு அளித்தாயிற்று.

வாட்கிளையின் பெயர் பிளேட்ஸ்மேன். அதன் மூன்றாம் படியில், நூறு அடியுள் இருபது அடி மிகையூறு செய்யும். மிகையூறு என்றவுடன் ஏதோ இடி விழும் என்று எண்ணினோம் யாம். ஆம், யாமே. எமக்கும் வழக்கில் பங்குண்டு என்றது இதுபற்றியே. வாள் ஏந்தி ஆடும் யாம், அருமையாய்ச் சேர்ந்த பேறுகளில் மூன்றனை, ஒன்றும் கணக்கிடாது, அப்பெயரின் பொலிவில் மயங்கி அக்கிளையில் வைத்துவிட்டோம். இவ்வாட்டத்தில் மிகையூறு என்பது படையின் அடிப்படை ஊற்றெண்ணில் பாதியைக் கணக்காகக் கொண்டது. தேர்ச்சியும், ஆர்ம்ஸ்மேனும், கொல்லன் தீட்டலும் அதனைப் பெருக்குவதில்லை. டீட்ரிக் வாளுக்கு அப்பாதி 7. ஐந்து அடிக்கு ஒருமுறை அது சேர, உயர்படியின் சலுகையையும் சேர்த்து, அடி ஒன்றுக்குச் சராசரியாகக் கிடைப்பது இரண்டினை ஒட்டியதே. நாற்பத்திரண்டின்மேல் இரண்டு! மூன்று பேற்றிற்கு இதுவோ விலை? அம்மூன்றனையும் கேடயத்தில் இட்டிருந்தால் எத்தனை முறை உயிர் பிழைத்திருப்போம் என்று அன்றிரவு எண்ணிக்கொண்டே கிடந்தோம்.

மழுவின் கிளை, பட்ட இடத்தில் சிறிது நேரம் குருதி கசியச் செய்வது. கசிவின் அளவு சிறிதாகலின், அதுபற்றிப் பெரிதாகச் சொல்லுதற்கு இல்லை.

தண்டின் கிளையோ தனிச் சிறப்பு வாய்ந்தது. போன் பிரேக்கர் என்பது பெயர். என்பு முறிப்பது என்று பொருள். பகைவன் அணிந்த கவசத்தின் எண்ணில் நூற்றுக்கு 25, 50, 75 எனப் படிதோறும் மிகும் பங்கை இல்லையாகவே கருதி அடிக்கும். கவச எண் ஒன்றுக்கு ஊறு நூற்றில் 0.12 பங்கு குறையும். எவ்வளவு அணியினும் எண்பது பங்கிற்குமேல் குறையாது என்பது இவ்வாட்டத்தின் விதி. கவச எண் 300 உடைய பகைவன் ஒருவனைக் கருதுவோம். வாளடியில் நூற்றுக்கு 36 பங்கு கவசத்தில் கழியும். உடலைச் சேர்வது 64. தண்டிற்கோ அவன் கவச எண் 75 போன்றதே. கழிவது 9, சேர்வது 91. முன்னே கண்ட விரைவுத் தொகையில் இதனை இட்டுப் பார்ப்போம். வாளின் தொகை 42. அதில் 64 பங்கு 26.9. தண்டின் தொகை பதினாறின் மும்மடங்காகிய 48-ஐ 0.8 ஆற் பெருக்கிய 38.4, அதில் 91 பங்கு 34.9. கவசம் பூண்டானிடத்துத் தண்டு வாளை வென்றது. அதுவும் சிறு வெற்றியன்று.

கவசமே இல்லாத ஓநாயிடத்தும் கரடியிடத்தும் வாள் 42-உம் தண்டு 38.4-உம் ஆகி வாளே வெல்லும். இரண்டும் ஒக்கும் இடம் யாதென்று தேடியதில், பிளேட்ஸ்மேனை விலக்கி நோக்கின், கவச எண் 93-ஐ ஒட்டி இரண்டும் சமமாயின. எதிர் நிற்பவன் யார் என்று கேளாமல் எப்படை சிறந்தது என்று கேட்டமையே வழக்கு இரண்டு வாரம் நீண்டதற்குக் காரணம்.

மெய்யுலகப் படைகளோடு இவற்றை ஒப்பிடுதலும் சுவையுடைத்து. வைக்கிங் காலத்து ஒருகை வாளின் நிறை ஏறக்குறைய ஒரு கிலோகிராம். சற்றே மிகுதலும் உண்டு. ஐரோப்பியர் பின்னாளில் ஏந்திய இரும்புத் தண்டுகளும் அதனினும் பெரிதும் மிக்கன அல்ல. படைக்கலம் என்பது நாள் முழுதும் ஒரு கையால் வீசுதற்கு உரியது. அதனைப் பாரமாகச் செய்தவன் தன் தலைவனைக் கொன்றவனாவான். ஆகவே வாளுக்கு 9, தண்டிற்கு 13 என்று இவ்வாட்டம் பகுத்த நிறை மெய்யோடு ஒவ்வாது. ஆயினும் தண்டு வாளினும் மெல்ல வீசப்படும் என்ற விரைவெண் மட்டும் ஒக்கும். நிறை ஒன்றாயினும் அந்நிறை இருக்கும் இடம் வேறு. வாளின் பிடிக்குக் கீழே ஒரு குமிழ் உண்டு. அதனால் வாளின் நிறை கையருகே கூடி நிற்கும். தண்டின் நிறையோ கைக்கு எட்டாத முனையில் திரண்டு நிற்கும். துடைப்பத்தை அடியைப் பிடித்துச் சுழற்றி, பின் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றிப் பார்த்தார்க்கு இது விளங்கும். முனையில் நிறை உடையதனை ஓங்குதல் அரிது. ஓங்கியபின் நிறுத்துதல் அதனினும் அரிது. ஆனால் நிறுத்தாது விட்டால் அது கவசத்தைக் கேளாது. ஐரோப்பாவில் பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் தகட்டுக் கவசம் பெருகியபோது தண்டும் மதிப்புப் பெற்றமைக்கு இதுவே காரணம். வெட்டும் கூர் தகட்டில் வழுக்கும். இடிக்கும் முனை தகட்டோடு உள்ளிருப்பதனையும் நசுக்கும். போன் பிரேக்கர் இயற்றினார் இதனை நன்கு அறிந்தே இயற்றினர்.

விலையில்தான் அவர் வரலாற்றைக் கைவிட்டார். ஆட்டத்தில் இரும்பு வாள் மழுவினும் மலிவு. மெய்யுலகில் வாளே விலை மிக்கது. மழுவிற்கு வேண்டுவது சிறு இரும்புத் தலையும் ஒரு மரக்காம்பும். விறகு பிளப்பவனிடமும் அதனை ஒத்தது ஒன்று இருக்கும். வாளோ நுனி முதல் பிடி வரை நல்லிரும்பு. வளைந்தால் நிமிரவும், கூர் மழுங்காதிருக்கவும் ஒருங்கே வேண்டுதலின் கொல்லன் திறம் முழுதும் அதிற் புகும். ஒன்பது முதல் பதினோராம் நூற்றாண்டு வரை வழங்கிய வாள்களுள், உல்ஃபெர்ட் என்னும் பெயர் பொறித்தன நூற்றுக்கு மேற்பட்டவை ஐரோப்பாவில் அகப்பட்டுள்ளன. பெயர் பொறித்தற்குரிய மதிப்பு வாளுக்கு இருந்தது, போலிகளும் எழுந்தன.

ஸ்கைரிமிலும் பெயர் பெற்ற படைகள் உள. மெரிடியா என்னும் தெய்வம் அளிக்கும் டான்பிரேக்கர் என்னும் வாள், இறந்தும் நடமாடுவோரைச் சுட்டெரிப்பது. மெரூன்ஸ் ரேஸர் என்னும் குறுவாள், நூறு அடியுள் இரண்டினை ஒட்டிய வாய்ப்பில் எவனையும் அக்கணமே கொல்வது. விரைந்து அடிக்கும் படைக்கே அவ்வரம் வாய்த்தமை காண்க. மோலாக் பால் என்னும் கொடுந்தெய்வத்தின் தண்டு, பகைவன் உரனையும் மந்திர ஆற்றலையும் ஒருங்கே வற்றச் செய்வது. இரு கையிலும் படை ஏந்துவார்க்கு நூற்றுக்கு 35 வரை விரைவு கூட்டும் பேறும் உண்டு. ஆனால் அவர் தடுக்க மாட்டாதார் என்பதை முன்னரே கூறினோம். எம் கணக்கில் அவர் பெறுவதினும் இழப்பதே மிகுதி. இதனை மறுப்பார் பலர் உளர்.

தீர்ப்பை ஒரு ஞாயிறு பிற்பகல் விடுதி முன்றிலில் படித்தோம். கவசம் பூண்டாரிடத்துத் தண்டும், பிறரிடத்து வாளும், அறியாதாரிடத்துக் குறுவாளும் என்பது அதன் முடிபு. தண்டுடையார் தம் ஒன்பது என்னும் வாதத்தைக் கைவிட்டார்; தண்டைக் கைவிட்டிலர். "அது விழும்போது எழும் ஓசை வேறொன்றிலும் இல்லை" என்றார். அதற்கு எம்மிடம் எண் இல்லை. வாளுடையார் சில நாள் கழித்து, இரவில் எவர்க்கும் சொல்லாமல், டீட்ரிக் குறுவாள் ஒன்றைத் தீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டோம்.

எம் மூன்று பேறுகளின் செய்தி யாதெனின், அவற்றை மீட்க இரு வழிகள் உள. 2012-இறுதியில் வந்த டிராகன்பார்ன் என்னும் பிற்சேர்க்கையின் பெருங்கதையை முடித்தார்க்கு, ஒரு நாகத்தின் உயிரை ஈடாகக் கொடுத்து ஒரு தேர்ச்சியின் பேறுகளையெல்லாம் திரும்பப் பெறும் உரிமை கிடைக்கும். அன்றி, 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தேர்ச்சி நூறு நிரம்பியபின் அதனைப் பதினைந்திற்குத் தாழ்த்திப் பேறுகளை மீட்கலாம். பின்னதனைத் தேர்ந்தோம். தேர்வு நெருங்கியமையால் எழுபத்தெட்டில் நிறுத்தி வைத்துள்ளோம்.